அம்மா வழி, அப்பா வழி

மலத்தில் ரத்தம் கண்டபோது சூடு என்றே நினைத்தேன். எங்கள் புதூர் வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டேன். மகளுக்குப் பால் மறக்கடித்த சமயம். உடம்பு மெலிந்ததற்கும் அதையே காரணமாக்கிக்கொண்டேன்.

கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) கட்டி தெரிந்தது. மதுரையில் குடலின் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். என் அம்மாவும் நாற்பது ஆவதற்குள் வயிற்றுக்கட்டியில் போனவள்.

அதனால் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் (பெற்றோர் வழி வரும் மரபணுப் பிழை, குடல், கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது) என்றார் டாக்டர். தாளில் எங்கள் குடும்பத்தைக் கோடுகளாக வரைந்தார்.

"அம்மா கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. பாக்கணும்."

பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். "இவியதான் டாக்டர். எங்க வீட்டுக்காரவிய."

பேனா நின்றது. அம்மா போனபின் சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று என்னை மாமாவுக்குக் கட்டிவைத்தார்கள். அவரிடமும் பிழை இருந்து, இரண்டு பேரிடமிருந்தும் மகளுக்கு வந்திருந்தால், குழந்தையிலேயே புற்றுநோய் வரலாம் என்றார் டாக்டர்.

"எங்கக்கா மூக்கு எனக்கு வந்திருக்கு. வேற என்னத்தக் குடுத்தாளோ," என்று பஸ்ஸில் மாமா சிரிக்கப் பார்த்தார்.

மாமாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மகளின் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "கூசுதும்மா" என்று நெளிவாள்.

மாமாவிடம் பிழை இல்லை. போனை வைத்துவிட்டு அவர் அழுதார். "அக்காகிட்ட இருந்து நீ மட்டும் வாங்கிட்டு வந்திருக்கியேட்டி."

மகளுக்கு இனி என் வழி மட்டும். வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சரிபாதி. பதினெட்டு வயதுக்குமேல் அவளே முடிவுசெய்து பரிசோதித்துக்கொள்ளட்டும் என்கிறார் டாக்டர். இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள்.

உங்களுக்கு இப்படி வந்திருந்தால் கூடப் பிறந்தவர்களிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். என் தம்பி இன்னும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவில்லை. போன வாரமும் மகளைத் தன் மகனுக்குக் கேட்டான்.

"ஏட்டி மருமவளே, எங்க வீட்டுக்கு வாரியா?"

"ஏலே, மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வா."

"ஒனக்கு எப்பவும் இதே பேச்சுதானக்கா."

"வாரேன் மாமா" என்று மகள் அவன் மடியில் தாவி ஏறினாள்.

எழுந்து அவளை இழுக்கப் போனேன். வயிற்றுத் தழும்பு சுருக்கென்றது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வருடாவருடம் குடலைக் கழுவிக்கொண்டு கேமராவுக்குப் படுக்கிறேன். அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது, அந்தப் பரிசோதனை முடிவை வாங்க அவளோடு போக நான் இருக்க வேண்டும்.