கழிப்பு ஸ்கேன்

கதை என்று நினைத்துப் படிப்பதானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். திருநகரில் எங்கள் தெருவில், பட்டப்பகலில் நடந்தது இது. கேட்டால் ஆளாளுக்குப் பேச்சை மாற்றுவார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஹரிராம் வீட்டு முன்னறையில் டிடிபி கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் போஸ்டர் டிசைன் செய்வார். 2003-ல் பெண்டாட்டி பத்மாசினியின் தம்பி வெங்கடேஷ்பாபு வந்து, “இன்னும் விண்டோஸ் தொண்ணூத்தெட்டை வச்சு மாரடிக்கிறீங்களே மாமா” என்று சொல்லி கம்ப்யூட்டரில் எக்ஸ்பி போட்டுவிட்டான். திரை புல்வெளியும் நீல வானமுமாகப் பளபளத்தது. பழைய ஸ்கேனர்தான் படுத்துவிட்டது. அதை ஓட்டும் டிரைவர் புரோகிராமே எக்ஸ்பியில் கிடையாது.

புதுசு வாங்க ஹரிராமுக்குக் கை வராது என்பது ஊருக்கே தெரியும். வெங்கடேஷ்பாபு பழைய டிரைவரை எப்படியோ உள்ளே திணித்தான். ஓடியது. ஆனால் ஒரே ஒரு ஸ்கேன். அடுத்ததற்குக் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட வேண்டும். அது எழுந்து வருவதற்குள் டீக்கடைக்குப் போய், நாலு பேரை வம்புக்கு இழுத்துவிட்டே திரும்பலாம்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவர் படத்தை ஸ்கேன் செய்தால், அடுத்து உயிரோடு இருப்பவர் படத்தை வைக்கும் முன், வெறும் கண்ணாடியை ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும். கழிப்பு ஸ்கேன் என்று பேர். ஹரிராம் ஒருநாளும் அதை விட்டதில்லை. எக்ஸ்பி வரும்வரை.

மாசி மாதத்து மதியம். பக்கத்துத் தெரு ஜெயபாண்டி ஒரு படத்தோடு ஓடி வந்தான்.

“அண்ணே, எங்கப்பா மொக்கையன் போயிட்டாரு. ஊருக்கு, எழுமலைக்குக் கெளம்புறேன். போஸ்டர் ரெடி பண்ணி வைங்க, சாயந்தரம் ஆள் அனுப்புறேன்.”

ஹரிராம் கிழவர் படத்தை ஸ்கேன் செய்தார். அடுத்தது மகள் ஸ்ரீவர்ஷினியின் படம். பெங்களூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே ஈமெயிலில் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. கழிப்பு ஓட்டினால் இன்னொரு தடவை அணைத்துப் போட வேண்டும்.

ஓட்டவில்லை.

உள்ளே அடுப்படியில் ஸ்ரீவர்ஷினி அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “எம்.சி.ஏ. முடிக்காம கழுத்த நீட்ட மாட்டேம்மா! நீ வேணா கட்டிக்க அந்த பெங்களூரான!” அவர்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரா, சண்டை மட்டும் தமிழ். அவள் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். எங்களுக்கு வசதி.

கம்ப்யூட்டர் எழுந்தது. மகள் படத்தை வைத்தார். ஸ்கேனர் ‘ர்ர்ர்ர்...’ என்று ஓடியது.

திரையில் மகள் முகம் வந்தது. கன்னத்தோரம் வெள்ளையாக ஒரு கோடு.

தூசியாக இருக்கும். கண்ணாடியைத் துடைத்தார். அணைத்துப் போட்டார். மறுபடி ‘ர்ர்ர்ர்...’

கோடு பட்டையாகியிருந்தது. தாடைக்கு அடியில் போய், காதோரமாக ஏறி, உச்சியில் முடிந்தது.

முடிச்சோடு.

பிணத்துக்கு வாய்க்கட்டு கட்டுவார்களே... அதே மாதிரி.

உள்ளே ஸ்ரீவர்ஷினி இருமினாள். குரல் கம்மியது.

ஹரிராம் ஸ்கேனரின் பிளக்கைப் பிடுங்கினார்.

‘ஸ்கேனர் இணைக்கப்படவில்லை’ என்றது கம்ப்யூட்டர்.

‘ர்ர்ர்ர்...’

மூடிக்கு அடியில் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. பிளக் அவர் கையில் இருந்தது.

வெளிச்சம் கடைசிவரை போனது... நின்றது.

திரையில் கட்டு இல்லை. முகம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கண்ணாடியில் கிடந்த படத்தில் அவள் பல் தெரியச் சிரித்தாள். திரையில் வாய் மூடியிருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. மணி மூன்று.

வேறு யாராவது என்றால் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பார்கள். ஹரிராம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெங்களூர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு அடங்கிய வாய்தான், ஸ்ரீவர்ஷினி பிறகு பேசவே இல்லை. எந்த டாக்டர் பார்த்தாலும் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், “சளி பிடிச்சிருக்கு, தொண்டை கட்டிருச்சு” என்று கூசாமல் சொன்னார் ஹரிராம். அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். அடக்கமான பெண் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். சித்திரையில் கல்யாணம். நாங்களும் சாப்பிட்டோம். வாயைத் திறக்கவில்லை, நாங்களும்தான்.

மொக்கையன் போஸ்டரை வாங்க மட்டும் ஆள் வரவில்லை.

ஆடியில் ஒருநாள் காலை, ஜெயபாண்டி மொட்டைத் தலையோடு கடை வாசலில் வந்து நின்றான்.

“அப்பா நேத்துப் போயிட்டாருண்ணே.”

“நேத்தா? மாசியிலயே...”

“அன்னைக்குக் குளிப்பாட்டிக் கட்டுக் கட்டிப் படுக்க வச்சிருந்தோம். மூணு மணிவாக்குல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. வாய்க்கட்ட யாரும் அவுக்கலண்ணே. அந்தத் துணியையே காணோம்.”

ஹரிராம் ஸ்கேனரைத் திரும்பிப் பார்த்தார்.

“பொழச்சாரேன்னு பாத்தா, வாயத் தொறந்தா பொம்பளப் புள்ளக் குரல். ஒரு வார்த்த வெளங்கல. பேய்தான்னு இம்புட்டு நாளும் ஊர்லயே கெடந்து, கோடாங்கி வச்சு அடிச்சோம். இப்பத்தான் மதுரையில ஒங்க ஆளுக ரெண்டு பேரு பஸ்ஸுல பேசிக்கிட்டு வந்தாக. அதே பேச்சுண்ணே! ஒங்க வீட்டு சௌராஷ்டிரா. அதான் எறங்குனதும் நேரா இங்க வாரேன்.”

“என்ன பேசுனாரு?”

“கடைசியாப் பேசுனத மட்டும் சொல்றேன். நேத்து மத்தியானம் அதையே கத்திக் கத்தித்தான் போனாரு.”

ஜெயபாண்டிக்கு அர்த்தம் தெரியாது. கேட்டதை அப்படியே சொன்னான். கதவுக்குப் பின்னால் நின்ற பத்மாசினி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள்தான் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

‘அம்மா... கதவை வெளியே பூட்டிட்டாங்க. புகையா வருது. அப்பாகிட்டச் சொல்லு.’

ஹரிராம் பெங்களூருக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை சம்பந்தியம்மாள் எடுத்தாள்.

“நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம். நேத்து மத்தியானம் அடுப்பு வெடிச்சிருச்சு... ஒரு சத்தம் கூடப் போடலையே உங்க பொண்ணு.”