பதினோரு நாள் நிழல்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இலையக்கா. வேலி ஓரத்தில் சீந்துவாரில்லாமல் வளர்ந்த கசப்புச் செடியைப் பறித்து, கழுவி, உலர்த்தி, அரைத்து, சாறெடுப்பது ஒன்பது வருடமாக அவள் வேலை. சாறு நல்ல சாறா என்று பார்க்க ஓர் ஊதாக் கரைசல் இருந்தது. சொட்டு விட்டதும் ஊதா மங்கி மஞ்சளானால் சாற்றுக்கு வீரியம் உண்டு. சோதனைக்கு வைத்திருக்கும் எலியின் பாத வீக்கமும் அப்போதுதான் வடியும்.

இலையை நிழலில், பருத்தித் துணி மேல், தினமும் புரட்டிப் போட்டுப் பதினோரு நாள் உலர்த்தினால்தான் இது நடக்கும். சூடு பட்டால் போச்சு. நான்கு வருடம் தவறித் தவறி அவளே கண்டுபிடித்தது இது.

இந்தச் சாறு பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை வந்தபோது அதில் இரண்டே பேர்: பேராசிரியர், அவர் மருமகன். அந்த மருமகன் ஓர் இலையைக்கூடக் கிள்ளியதில்லை. இவள் நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். தன் பேர் ஏன் இல்லை என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா பேரு? நீ படிச்சவளா?" என்று சிரித்தார் பேராசிரியர்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. கட்டுரையை வரி வரியாகப் படித்தாள். "சூடடுப்பில் அறுபது டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தப்பட்டது" என்றிருந்தது. மருமகன் வேறெதிலிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறான்! யாரிடமும் சொல்லாமல் கட்டுரையை மூடி வைத்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து மருந்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சாற்றை மருந்தாக்க விலை பேசும் முன் எல்லாம் தங்கள் கண்ணெதிரில் நடக்க வேண்டும் என்றார்கள்.

"எழுதினபடியே செய்யவா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார் பேராசிரியர், மிடுக்காக.

அப்படியே சூடடுப்பில் இரண்டு நாள் உலர்த்திச் சாறெடுத்தாள். சொட்டு விட்டாள். ஊதா ஊதாவாகவே நின்றது. மறுபடி விட்டாள். அதே ஊதா. எலியின் பாதமும் வீங்கியது வீங்கியபடியே இருந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இலையக்காவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

பேராசிரியர் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"எழுதினபடி செஞ்சேன்."

"எப்பவும் எப்படிச் செய்வ?"

"நிழல்ல பதினோரு நாள்."

"அத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். எழுதும்போது நீங்க உங்க மாப்பிள்ளையக் கேட்டீங்க."

அவர் குரல் இறங்கியது. "உள்ள வந்து அவங்ககிட்ட சொல்லும்மா. அடுத்த கட்டுரைல உன் பேரப் போடுறேன்."

"நான் என்ன படிச்சவளா சார்?" என்று சொல்லிவிட்டுக் குடுவைகளைக் கழுவப் போனாள்.

எழுதிய முறை பொய் என்று தெரிந்துபோனதால், மூன்று மாதத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி ஆயிற்று. அந்த அறிவிப்பை யாரோ கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பேராசிரியர் பேரும் மருமகன் பேரும் கொட்டை எழுத்தில் இருந்தன. இலையக்கா அதை நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தாள். தன் பேர் அதில் இல்லையே என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள்.