இடது காது

2004-இல் எங்கள் தொழிற்சாலைக்கு கிரைண்டிங் இயந்திரம் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. கை தேர்ந்தவர்களை, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அப்பால் இருந்த கம்பெனிகள் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டன. ஐ.டி.ஐ.யில் கற்றுத்தந்த இயந்திரம் வேறு, எங்களிடம் இருந்தது வேறு. மிஞ்சியிருந்த ஒரே நல்ல ஆபரேட்டரின் வேலையைக் கவனித்து, அப்ரெண்டிஸ்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்ற பயிற்சித் தரத்தை எழுதும் பொறுப்பு, பயிற்சிப் பிரிவிலிருந்த எனக்கு வந்தது.

அவர் வேப்பனப்பள்ளிக்காரர். இரும்பைத் தேய்க்கும் சாணை வீல் சுழலத் தொடங்கியதும் முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது காதை இயந்திரத்துக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வார். பொண்டாட்டி பேச்சை இப்படிக் கேட்டிருந்தால் உருப்பட்டிருப்பாய் என்று பக்கத்து மெஷின்காரர் சீண்டுவார். நான் எழுதிக்கொண்டேன்: ‘இடது காதை இயந்திரத்தின் பக்கம் வைத்து, சத்தம் சீராகும்வரை கேட்க வேண்டும்.’

மறு வருடம் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகுதான் அப்ரெண்டிஸ்கள் வந்தார்கள். எல்லாம் தென்மாவட்டத்துப் பெண்கள். அவரைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

2006 ஆயுத பூஜைக்கு அவர் மனைவியை அழைத்திருந்தோம். அவரையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்திருந்தது. வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் மகள். அந்த வேலை அவருக்கு அவசியம் வேண்டியிருந்தது.

பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டியபின், வழக்கப்படி இயந்திரங்களைச் சற்று ஓட்டினார்கள். சாமந்தி மாலைகள் அதிர்ந்தன. வரிசையாக நின்ற பெண்களின் முகங்கள் ஒன்றாக வலப்பக்கம் திரும்பின. கண்கள் மூடிக்கொண்டன.

கண்ணை மூடுவதைப் பற்றி நான் எழுதவே இல்லை.

அந்த அம்மாள் கையில் பொரிப் பொட்டலத்துடன் அசையாமல் நின்றார்.

“இவுங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?”

“நான்தாம்மா எழுதினேன். அவரைப் பார்த்து.”

“அவருக்கு வலது காது கேக்காது சார். தெரிஞ்சா வேலைக்கு எடுக்கமாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல.”

சத்தம் சீரானது. பெண்கள் கண் திறந்தார்கள். சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட மாடிக்கு வரும்படி சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“வீட்டுல நான் கூப்பிட்டாலும் இப்படித்தான் சார் திரும்புவாரு. தினமும் இத்தனை பேரு திரும்பறத என்னால பாக்க முடியாது.”

பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு அடுக்கப் போனார். அவரை மறுபடி அழைக்கலாம் என்று எண்ணி, தரத்திலிருந்து இடது காதை எடுத்துவிட்டேன். ‘சத்தம் சீராகும்வரை கேட்க வேண்டும்’ என்பது மட்டும் நின்றது. முந்தைய அணி முடித்துப் போய், 2007-இல் புதிய அணி வந்தது. முதல் நாள் அவர்கள் பொத்தானை அழுத்தும்போது பின்னால் நின்று பார்த்தேன். முகங்கள் வலப்பக்கம் திரும்பின.

அந்த அம்மாளுக்கு நான் சொல்லியனுப்பவில்லை.