வெள்ளிமலையில் வெற்றிலை போடாத அரை மணி நேரம்

கல்வராயன் மலைக்கு நான் போனது அருவி பார்க்க அல்ல, அக்காவின் எச்சிலை வாங்கி வர. போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை.

தியாகதுருகத்தில் புளி மொத்த வியாபாரம் செய்கிறேன். இரண்டு வருடமாக என் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. என் டாக்டர், இந்தக் கோளாறு மூளையை என்ன செய்கிறது என்று மரபணுவை வைத்து ஆராயும் ஒரு குழுவில் இருக்கிறார். மரபணு எடுக்கக் கூடப்பிறந்தவர்களின் எச்சிலும் வேண்டும் என்றார். மரபணு எதற்கு என்று கேட்டேன். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பிறகு வந்து சேருபவை. மரபணு பிறக்கும்போதே அமைந்தது. அதைப் பிடித்துப் போனால், துடிப்புக் கோளாறே மறதியைக் கொண்டு வருகிறதா, இல்லை இரண்டும் முதுமையில் சும்மா சேர்ந்து வருகின்றனவா என்று பிரிக்கலாமாம். புளி கெட்டால் நாங்களும் அதைத்தானே தேடுகிறோம்? மரத்திலேயே ஈரமா, லாரியில் நனைந்ததா?

கள்ளக்குறிச்சியில் காலை 7.40 பஸ். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? பஸ் ஸ்டாண்டில் நூறு வெற்றிலை வாங்கிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் வளைவுக்கு வளைவு குளிர் கூடும். இரண்டு மணி நேரத்தில் வெள்ளிமலை. மாமா இறந்த பிறகு அக்கா அங்கே தனியாக மளிகைக் கடை நடத்துகிறார்.

"எச்சி வாங்கினு போவ மலையேறி வந்தியா? உங்கூர்ல யாரும் துப்பறதில்லியா?"

சிரித்துக்கொண்டே, டாக்டர் கொடுத்தனுப்பிய சோதனைக் குழாயை வாங்கித் துப்பிவிட்டார். ரத்தச் சிவப்பு! நான் கொடுத்த வெற்றிலை அதற்குள் வாயில். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானே கெடுத்தேன். நல்லவேளை, இன்னொரு குழாய் இருந்தது. வாய் கொப்பளிக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தோம்.

"இதுல எனக்கு இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணியும் கெடைக்காது. ரிசல்ட் கூட சொல்ல மாட்டாங்க."

"நீயா இப்டி ஒரு வியாபாரத்துக்கு ஒத்துக்கின? ஒடம்பு ரொம்ப முடியலியோ?"

பத்து நிமிடத்திலேயே அவர் கை வெற்றிலைச் சுருக்குப் பையைத் தேட ஆரம்பித்தது. நான் பிடுங்கி வைத்தேன்.

"வாய் சும்மா இருந்தா பயமா கீதுடா."

"இன்னாக்கா பயம்?"

"போன மாசம் ஒருத்தன் வெல்லம் இன்னா வெலன்னு கேட்டான். வெல தெரியுது, வாய்ல வரல. பத்து நிமிசம். அப்புறம் சரியாப் பூட்ச்சி. அதுலேர்ந்து வெத்தலய வாய வுட்டு எடுக்கறதே இல்ல. வாய் ரொம்பி இருந்தா, பேச்சு வரலன்னாலும் யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா கடைய மூடிட்டு கீழ இட்டுனு பூடுவ."

உண்மைதான், அப்படித்தான் செய்திருப்பேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது போலவே தாறுமாறு.

"கடைய மூடச் சொல்ல மாட்டேன். ஆனா இப்பவே எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"ஒன் பேச்ச நம்பலாமா?"

"நாளைக்கே திரும்பி இட்டாந்து வுடறேன்."

அரை மணி முடிந்ததும் குழாயைக் கோடு வரை நிரப்பினார். மதியம் 1.15 பஸ்ஸில் மலை இறங்கினோம். கள்ளக்குறிச்சியில் எடுத்த ஈசிஜியில் அதே கோளாறு. அன்று பேச்சு நின்றது, இதயத்தில் உறைந்த ரத்தத் துளி மூளை வரை போனதால் இருக்கலாம், தப்பித்தீர்கள் என்றார்கள். மூளை ஸ்கேன் எடுத்து, மாத்திரையும் ஆரம்பித்ததில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்கு வழியெல்லாம் திட்டு வாங்கினேன். இப்போது கடை திறந்திருக்கிறது. வெல்லம் விலை கேட்டால் பேரமும் பேசுகிறார்.

மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்; திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வையுங்கள். எச்சில் வாங்கப் போனால் வெற்றிலையைக் கடைசியில் கொடுங்கள். ஆராய்ச்சி முடிய வருடங்கள் ஆகும், லாபம் நமக்கு இல்லை, யாரோ ஒருவருக்கு. அது போகட்டும். உங்கள் வீட்டில் யாராவது "கொஞ்ச நேரம் பேச்சு வரல, அப்புறம் சரியாயிடுச்சு" என்று சொன்னால், சரியாகிவிட்டதே என்று விடாதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போங்கள். கடை எங்கும் ஓடிப்போகாது.