ராணி குளித்த தொட்டி

ஹம்பியில் ராணி குளித்த தொட்டியைப் பற்றி என் வீட்டுக்காரர் முதன்முதலில் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "வெளிய பாத்தா மொட்டச் செவுருதான், உள்ள தண்ணி ததும்பிக் கெடக்கும் சாமி. உன்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போறன்" என்றார். அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு டிரைவர். கர்நாடகத்துப் பக்கம் போர் போடப் போனால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. அங்கே மழை பிடித்தால்தான் வண்டி எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குத் திரும்பும். வந்ததும் விஜயநகரத்து ராஜாக்களின் தலைநகரத்தைப் பற்றிப் பேச்சு ஓடும். யானைகளுக்கு வரிசையாகக் கட்டிய கொட்டாரம், மைல் கணக்கில் போகும் கோட்டைச் சுவர். ராஜா வீட்டையெல்லாம் பார்த்தவர் என்னிடம் வந்து ரசம் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளூரக் கர்வம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே போய்வந்த மாதிரி அளந்துவிடுவேன்.

அவர் இறந்த பிறகு வீட்டில் பேச்சே இல்லை. இந்தத் தை மாதம் அந்த அக்கா நாலு பேரைச் சேர்த்து வேன் பிடித்தபோது நானும் ஏறிக்கொண்டேன். அவர் பார்த்ததை ஒருமுறை நானும் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சாலையிலிருந்து பார்த்தால் ராணி குளித்த இடம் வெறும் மொட்டைச் சுவர்தான், அவர் சொன்னபடியே. உள்ளே போனால் சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், பூ வேலை செய்த மாடங்கள். இதைப் பற்றி அவர் மூச்சுகூட விட்டதில்லை. பாறை குடையும் பிட் தேய்ந்த கதையையே அரை மணி நேரம் சொல்கிற மனிதர் இதையா விட்டிருப்பார்? தொட்டியோ காய்ந்து கிடந்தது. அப்போதுதான் புரிந்தது, அவர் இறங்கவே இல்லை. அடுத்த போர் போட ஓடுகிற ரிக் வண்டியை வேடிக்கை பார்க்கவா நிறுத்துவார்கள்? ஓட்டிக்கொண்டே கண்டதுதான் அவருடைய ஹம்பி. எத்தனையோ விவசாயக் காடுகளில் துளை போட்டும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையைப் பார்த்துத் திரும்பியவர், இந்தத் தொட்டியை மட்டும் மனதுக்குள் நிரப்பி வைத்திருக்கிறார்.

அடப்பாவி மனுஷா என்று கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவர் பார்த்ததைப் பார்க்க வந்தவள், அவர் பார்க்காததைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறேன். போய்ச் சொல்லலாம் என்றால் வீட்டில் அவர் இல்லை.

அக்கா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏஞ்சாமி, தண்ணி ததும்புமின்னு உங்கூட்டுக்காரரு சொன்னாருன்னியே?"

"மழைக்காலத்துல ததும்புமுங்க்கா. அவரு எறங்கிக் காலு நனைச்சுட்டுத்தான் வந்தாரு" என்றேன்.