சாம்பல் விரலில் ரோஸ்மேரி

காலை 7.10, தாம்பரம். காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோர இருக்கையைப் பிடிக்கும் அவசரத்தில் துருப்பிடித்த கம்பியில் புறங்கையைக் கீறிக்கொண்டேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், கீறல் இலவசம். பையில் குன்னூரில் வாங்கிய ரோஸ்மேரி எண்ணெய், பதினைந்து மில்லி, முந்நூற்றைம்பது ரூபாய். முடி கொட்டினால் அது, மூட்டு வலித்தால் அது, மூக்கடைத்தால் அது என்று ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்துவருகிறேன். விரல் வலிக்கிறது என்று போனில் அழுத அண்ணிக்கும் போன மாதம் ஒரு பாட்டில் அனுப்பினேன். இது இரண்டாவது.

9.00, காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"இன்னாமா, தைலமா? வாசனை தூக்குது" என்றார் ஓட்டுநர்.

"ரோஸ்மேரி. தேங்காய் எண்ணெய்ல நாலு சொட்டு கலந்து தடவினா முடி கொட்டறது குறையும்."

கண்ணாடியில் தன் வழுக்கையைப் பார்த்துக்கொண்டார். "கொட்டறதுக்கு இங்க இன்னா இருக்குதுமா?"

சிரித்துவிட்டேன். அன்று நான் சிரித்தது அத்தோடு சரி.

9.20. அண்ணன் ஜரிகை வாங்கப் போயிருந்தான். அண்ணி தறியடியில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழைகளின் நுனியோடு புதிய பாவின் நுனியை, சாம்பல் தொட்ட விரலால் இழை இழையாக முறுக்கி ஒட்டும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். தெருவில் பல தறிகளுக்கு அவள்தான் பிணைக்கிறாள்.

"வாம்மா" என்று நீட்டிய கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சிவந்து, கொப்புளம் உடைந்து, தோல் உரிந்திருந்தது.

"அப்படியே தடவினீங்களா அண்ணி? கலக்கச் சொன்னேனே!"

"தேங்கா எண்ணெ பட்டா சாம்பல் புடிக்காதுமா. இழை வழுக்கினு போவும், பட்டுல கறை வேற. இது தடவினதும் காஞ்சிடுது. அதான் வெறுமனே தேய்ச்சேன்."

"எரியலையா?"

"இல்லியே. வலிகூட போயிடுச்சு."

முகத்தில் அத்தனை சந்தோஷம். கொப்புளம் உடைந்த தோலில் எரியாமல் இருக்குமா? அவள் தறிப்பக்கம் திரும்பியபோது விரல் நுனியை அழுத்திக் கிள்ளினேன். "தெரியுதா அண்ணி?"

திரும்பி, என் நகத்தைப் பார்த்த பிறகுதான், "ஆங், தெரியுது" என்றாள்.

பிறகு நான் கொண்டுவந்த புது பாட்டிலை வாங்கித் திறந்து என் கீறலில் ஒரு சொட்டு விட்டாள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"எரியுதா?"

"எரியுது அண்ணி."

"அப்ப எண்ணெ மேல தப்பு இல்ல." மூடியைத் திருகி என்னிடமே தந்தாள். "கொஞ்ச நாளா தொட்டா தெரியறதில்ல, கண்ணால பாத்துதான் முறுக்கறேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதமா. இந்தப் பாவு முடியட்டும்."

திங்கட்கிழமை நானே வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவேன், வராவிட்டால் அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். வலி என்று அவள் அழுதபோதே வந்திருக்க வேண்டும். பாட்டில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன்.

11.30, திரும்பும் பேருந்து. வாலாஜாபாத் தாண்டியபோது கையில் எரிச்சல் நின்றுவிட்டது. பயந்துபோய்க் கீறலை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். வலித்தது.