முதல் உருட்டில் வந்த பாட்டுக்காரி

கால் முறிந்து வீட்டில் கிடந்த ஆடி மாதம் முழுவதும் நான் ஒரு கொம்பியூட்டர் கேமின் முதல் பக்கத்திலேயே குடியிருந்தேன்.

என்னுடையது நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் ஓடித்திரியும் வேலை. விதைநெல் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வயல் வட்டை வட்டையாகப் போய், வரம்பில் நின்று பயிரைப் பார்த்து, விவசாயிகளோடு கதைத்துவிட்டு வருவேன். அப்படித் திரும்பும் வழியில் ஒரு வளைவில் கிடந்த மணல் என்னைச் சறுக்கி விழுத்தியது. எலும்பில் பிளேட் வைத்துத் தைத்த டொக்டர், தான் சொல்லும்வரை அந்தக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்றார்.

எங்கள் வீடு அமிர்தகழியில், கோயிலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. திருவிழா தொடங்கியிருந்தது. விடிந்தால் ஒலிபெருக்கி. வெயில் ஏற ஏற சனம் கூடும். கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுப் பூக்கட்டும் தேங்காயுமாகப் போவார்கள். நான் யன்னலோரக் கதிரையில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிறவர்களின் நல்ல கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவிக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வருவாள்.

என் நிலையைப் பார்த்த வேலைத்தல நண்பன் ஒருவன் பென்டிரைவில் ஒரு பழைய கேமைக் கொண்டுவந்து போட்டுத் தந்தான். "இது காணும், கால் சுகமாகும்வரைக்கும் விளையாடலாம்" என்றான். காடு, குகை, கோட்டை என்று அலைந்து திரிகிற கதை விளையாட்டு. ஆனால் உள்ளே போவதற்கு முன் நமக்கென்று ஒரு ஆளை உண்டாக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் கேம் தாயக்கட்டை உருட்டி ஆறு எண்களைத் தரும். பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி. எண்கள் பிடிக்காவிட்டால் பக்கத்தில் இன்னொரு பட்டன் இருந்தது. திரும்ப உருட்டலாம். எத்தனை தரமும் உருட்டலாம்.

அந்த இரண்டாவது பட்டன்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் வந்தவனுக்குப் பலம் இருந்தது, அறிவு இல்லை. உருட்டினேன். அறிவு வந்தது, உடம்பு நோஞ்சான். உருட்டினேன். எல்லாம் நடுத்தரம். அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. உருட்டிக்கொண்டே போனேன். அதற்குள் கிளாஸ் என்று இன்னொரு தலையிடி. ஆள் வீரனா, மந்திரவாதியா, திருடனா, பூசாரியா, பாட்டுக்காரனா என்று ஆட்டத்துக்குள் போக முதல் சொல்லிவிட வேண்டும். வீரன் என்று மனதில் முடிவு செய்து உருட்டினால் அருமையான அறிவு வந்து நிற்கும். சரி, மந்திரவாதியாகவே போவோம் என்று மாற்றினால், அடுத்த உருட்டில் பலம் உச்சத்துக்குப் போய் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு சில தரம் துணிந்து ஆட்டத்துக்குள் போனேன். முதல் ஊரின் களஞ்சிய அறையில் எலி அடிக்கும்போதே, இவனை விட நல்லவன் ஒருவன் அடுத்த உருட்டில் இருந்திருப்பானே என்ற நினைப்பு வந்து குடையும். வெளியே வந்து, அவனை அழித்துவிட்டு, திரும்பவும் முதல் பக்கம்.

பின்னேரம் மனைவி வந்து, கைப்பையைக் கழற்றாமலே எட்டிப் பார்ப்பாள்.

"இண்டைக்கு ஆர்?"

"மந்திரவாதி. ஆனா இன்னும் முடிவில்ல."

"நேத்தும் முடிவில்லயே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

ஒரு பின்னேரம் அது வந்தது. இவ்வளவு நாளும் நான் கண்டிராத உருட்டு. பலமும் அறிவும் உச்சம். மற்ற எதுவும் கீழே இல்லை. ஏற்றுக்கொள் என்ற பட்டனுக்குப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அழுத்தவில்லை. இவனுக்கு எந்தக் கிளாஸ் பொருத்தம் என்று யோசித்தேன். வீரனாக்கினால் அறிவு வீண், மந்திரவாதியாக்கினால் பலம் வீண். அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. திரை கறுத்தது. ஒலிபெருக்கியும் நின்று ஒழுங்கையே அமைதியானது.

நான் மேசையில் ஓங்கி அடித்தேன். ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. மனைவி ஓடிவந்து முதலில் காலைத்தான் பார்த்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"கரண்ட் வந்தா மறுகா உருட்டுங்களன்" என்றாள்.

"அது திரும்ப வராது. உனக்கு விளங்காது."

அவள் ஊன்றுகோலை எடுத்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். அன்று சாப்பாட்டில் ஒரு கதையும் இல்லை.

திருவிழா முடிகிற தீர்த்தத்தன்று அவள் லீவு போட்டிருந்தாள். என்னைத் தனியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக மனமில்லாமல் வீட்டில் நின்றாள். ஈர உடுப்போடு சனம் எங்கள் யன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "கொஞ்சம் அரங்குங்க" என்று என்னை நகர்த்தி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு கொம்பியூட்டருக்கு முன் இருந்தாள்.

"எதை அமத்த வேணும்?"

காட்டினேன். உருட்டினாள். பலம் மிகவும் குறைவு. உடல் உறுதியும் அப்படித்தான். கவர்ச்சி மட்டும் கொஞ்சம் நல்லது. நான் அடுத்த பட்டனைக் காட்ட முதலே ஏற்றுக்கொள்ளை அமத்திவிட்டாள்.

"ஐயோ, என்ன செய்த நீ? இது ஒண்டுக்கும் உதவாது. அழிச்சிட்டுத் திருப்பிப் போடு."

"ஏன்? ஆளைப் பார்க்க நல்லாத்தானே இருக்கா. பாட்டுக்காரியா வைக்கலாமா?"

"பாட்டுக்காரியால சண்டை பிடிக்க ஏலாது."

"பாடட்டுமே."

அந்தப் பாட்டுக்காரியை எலிகளே கொன்றன. திரும்பத் தொடங்கினாள், அதே ஆளோடு. இந்தத் தரம் எலிகளுக்குக் கிட்டவே போகாமல், ஊரில் கண்ட ஒவ்வொருவரோடும் கதைத்துத் திரிந்தாள். ஒரு தடித்த வீரன் அவளோடு வரச் சம்மதித்தான். பிறகு ஒரு திருட்டுப் பொம்பிளை. இவள் பின்னால் நின்று பாட, அவர்கள் முன்னால் நின்று அடித்தார்கள். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. கை பரபரத்தது. அங்கே போகாதே, இதை வாங்காதே, அந்தக் கதவைத் திறக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு முந்தி எத்தின பொம்பிளை பார்த்தீங்க?"

"அது அம்மா பார்த்தது."

"வேணாம் எண்டு சொன்னது நீங்கதானே. ஒராளுக்கு உயரம் காணாது, ஒராளுக்குத் தூரத்தில வேலை. எனக்கு எல்லாம் தெரியும். உங்கட மாமிதான் சொன்னவ."

நான் யன்னலைப் பார்த்தேன்.

"நான் முதல் வந்த ஆளுக்கே ஓம் எண்டன்" என்றாள்.

"ஏன்?"

"எங்கட வீட்டில பெரியவங்க கதைச்சிட்டு இருக்க, நீங்க கதிரையில இருக்க ஏலாம எழும்பி எழும்பி வாசலைப் பார்த்தீங்க. ஓடப் போறாரோ எண்டு நினைச்சன். எனக்குச் சிரிப்பு வந்திட்டு. சிரிப்பு வந்தாச் செரிதானே எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வெளியில் யாரோ ஒரு பிள்ளை தொப்பி வாங்கித் தரச்சொல்லி அழுதுகொண்டு போனது. அவள் திரும்பவும் பாட்டுக்காரியைக் காட்டுக்குள் நடத்தத் தொடங்கினாள்.

அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும் ஒரு பிளேன்ரீயோடு அவள் கொம்பியூட்டருக்கு முன் இருப்பாள். நான் பக்கத்தில் இருந்து வரைபடம் பார்த்து வழி சொல்வேன். எத்தனையோ தரம் செத்தார்கள். ஒரு சிலந்திக் குகையிலிருந்து மூன்று பேரும் தப்பி ஓடியபோது நான் காலை மறந்து எழும்பப் போய்விட்டேன். அவள் தோளைப் பிடித்து அமத்தினாள்.

பகலில் அவள் இல்லாத நேரம் எனக்கென்று ஒருவனை உருட்டினேன். விவேகம் மட்டும்தான் நல்லது. பூசாரியாக்க முடிவு செய்தேன். ஏற்றுக்கொள்ளை அமத்தியபோது பல் கூசியது போல் இருந்தது. எலிகளைக் கடந்து, ஊரைக் கடந்து, ஒரு சதுப்பு நிலம் வரைக்கும் கொண்டுபோனேன். வழியெல்லாம் இவனை அழித்துவிடலாமா என்று யோசித்தபடியே போனேன். ஒரு நாள் உண்மையிலேயே வெளியே வந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். அவனை அழிக்கவில்லை, அதற்காக நிம்மதியும் வந்துவிடவில்லை.

புரட்டாதியில் டொக்டர் காலை ஊன்றச் சொன்னார். அந்தக் கிழமையே மனைவி கேமை முடித்தாள். கடைசிக் கோட்டையில் தடித்த வீரன் செத்துப்போனான். அவள் அவனைத் திரும்ப எழுப்ப, முன்பு சேமித்து வைத்த பழைய இடத்துக்குப் போகவில்லை, அப்படியே முன்னே போனாள். முடிவில் எழுத்துகள் மேலே ஏறின. அவள் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். பாட்டுக்காரி ஒரு கடற்கரை ஊருக்குப் போய், செத்தவனைப் பற்றிப் பாடி வாழ்ந்தாளாம்.

"அவன் சாகாம இருந்திருந்தா முடிவு வேற மாதிரி வந்திருக்கும்" என்றேன்.

"வந்திருக்கும்" என்றாள். கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு, "வாங்க, நடப்பம்" என்றாள்.

ஊன்றுகோலோடு வாவிக்கரை வரைக்கும் போனோம். காற்று பலமாக அடித்தது. கரையில் ஒருவர் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் போனால் நிழல், வலப்பக்கம் போனால் இருக்க ஒரு கல் உண்டு. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிழல் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் பின்னால் போனேன், கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.